இருக்கை யாருக்கு?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிற மலைப்பாதையில் சிநேகிதர் ஒருவருடன் எனக்குச் சண்டை வந்தது. அந்தச் சண்டையிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது. சிநேகிதர் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டம் என்றால் அவருக்கு உயிர். பிறர் சட்டத்தை மீறினால் அவருக்கு இரவில் தூக்கம் வராது. தாமே மீறினால் வருமா, வராதா என்று இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் கேட்டதில்லை. அன்று கேட்டுவிட்டேன்.

ஜவ்வாது மலைக்கு நாங்கள் போனது காவலூர் வானாராய்ச்சி நிலையத்தைப் பார்ப்பதற்கும், பீமன் அருவியில் குளிப்பதற்கும். சிநேகிதரின் மகன் புதுக் கார் வாங்கியிருந்தார். மகன் வண்டியை ஓட்ட, முன் ஆசனத்தில் சிநேகிதர். அவர் மடியில் மூன்று வயதுப் பேரன். பின்னால் சிநேகிதரின் மனைவி, மருமகள், நான். புது வண்டி அல்லவா, பெல்ட் போடாவிட்டால் 'கீ கீ' என்று கத்துகிறது. அந்தக் கத்தலை அடக்கச் சிநேகிதர் ஓர் உபாயம் கண்டுபிடித்திருந்தார். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் செருகி மாட்டிவிட்டு, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். வண்டி ஏமாந்து வாயை மூடிக்கொண்டது. பின்னால் இருந்த நாங்கள் மூவரும் பெல்ட்டைத் தொடவே இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

பாதி மலை ஏறியிருப்போம். எங்களுக்கு முன்னால் ஒரு சின்னச் சரக்கு வண்டி முக்கி முனகிக்கொண்டு போயிற்று. ஜனங்கள் 'குட்டி யானை' என்று செல்லமாகச் சொல்லுகிறார்களே, அந்த ஜாதி வண்டி. அதில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். ஆண்கள் நின்றார்கள். பெண்கள் கீழே பலகையில் குந்தியிருந்தார்கள்; மடிகளில் குழந்தைகள். எட்டு வயது இருக்கும், ஒரு சிறுமி பின்கதவுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று எங்கள் காரையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அத்தனை பேரும் ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தார்கள்.

சிநேகிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "பார்த்தீர்களா அக்கிரமத்தை! சரக்கு வண்டியில் மனிதர்களை ஏற்றுகிறான். இவர்களுக்குச் சட்டம் கிடையாதா? கீழே விழுந்து செத்தால் சர்க்காரைத் திட்டுவார்கள்!" என்றார்.

"இருக்கட்டும். உங்கள் பேரன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்?" என்று கேட்டேன்.

"எங்கே உட்கார்ந்திருக்கிறான்? என் மடியில்!"

"உங்கள் மடிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்கியாகிவிட்டதா?"

மருமகள் களுக்கென்று சிரித்துவிட்டு, மாமனாருக்குப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சண்டை அங்கே ஆரம்பித்தது.

முதலில் நம்முடைய கணக்கைப் பார்த்துவிடுவோம். 'நம்முடைய' என்றால், காரில் போகிற, மாதச் சம்பளம் வாங்குகிற, பத்திரிகை படிக்கிற நம்முடைய கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஆம் வருஷத்தியது. 2019-இல் அதைத் திருத்தி, 194-பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் அது அமலுக்கு வந்தது. பதினான்கு வயது நிறையாத குழந்தையைப் பெல்ட்டோ, குழந்தைக்கென்று செய்த பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று அது சொல்லுகிறது. தாத்தாவின் மடியை அந்தப் பிரிவு பாதுகாப்பாக ஏற்றுக்கொள்ளவில்லை. பாட்டியின் மடியையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்தச் சட்டத்தை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? கேள்விப்பட்டவர்களில் எத்தனை பேர் மதிக்கிறோம்? கார் வாங்கியதும் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். கண்ணாடியில் கறுப்புக் கயிறு கட்டுகிறோம். திருஷ்டி பொம்மை தொங்கவிடுகிறோம். நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. என் வீட்டு வண்டியிலும் கயிறு இருக்கிறது. ஆனால் குழந்தைக்கு ஓர் இருக்கை வாங்கலாமே என்று சொன்னால், "அழுவான் சார்", "இரண்டு வருஷத்தில் வளர்ந்துவிடுவான், காசு தண்டம்", "அதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன.

அழுவான்தான். தடுப்பூசி போட்டபோதும் அழுதான். அதற்காக ஊசியை நிறுத்தினோமா? காசு தண்டம் என்கிறவர்கள் அதே குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு மண்டபத்துக்கும் கேக்குக்கும் கொடுத்த பணத்தை ஒரு தரம் கூட்டிப் பார்க்கட்டும். வெள்ளைக்காரன் பழக்கம் என்கிறார்களே, அந்த வெள்ளைக்காரனுக்கும் இது தாயின் வயிற்றிலிருந்து கூடவே வந்த பழக்கமில்லை. இன்று நம் காரில் இருக்கும் மூன்று முனைப் பெல்ட்டை ஸ்வீடன் தேசத்து என்ஜினீயர் நில்ஸ் போலின், வால்வோ கம்பெனிக்காக 1959-இல் உண்டாக்கினார். மற்றக் கம்பெனிகளும் உபயோகித்துக் கொள்ளலாம் என்று அந்தக் கம்பெனி விட்டுக்கொடுத்தது. அப்படியும் அதைக் கட்டாயமாக்க ஒரு சர்க்காருக்குத் தைரியம் வர 1970 ஆயிற்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் முதலில் செய்தது.

குழந்தை இருக்கையின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் ராபர்ட் ஸான்டர்ஸ் என்று ஒரு குழந்தை வைத்தியர் இருந்தார். வியாதியிலிருந்து தாம் காப்பாற்றிய குழந்தைகளைக் கார் கொன்றுவிடுகிறதே என்று சட்டசபைக்காரர்களின் வாசற்படியில் ஏறி இறங்கினார். அமெரிக்காவிலேயே முதலாவதாகக் குழந்தை இருக்கைச் சட்டம் அங்கே 1978-இல் அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை வைத்தார்கள். பெரியவர்கள் கையில் வைத்துக்கொண்டால் இருக்கை வேண்டியதில்லை! நம் சிநேகிதரின் மடி அமெரிக்கச் சட்டத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. வைத்தியர் விடவில்லை, மேலும் போராடினார். 1981-இல் அந்த விலக்கை நீக்கினார்கள்.

மடிக்கு ஏன் இத்தனை விரோதம்? கணக்குத்தான் காரணம். மூன்று வயதுக் குழந்தை 14 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலோ மோதி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது. அப்போது அந்தக் குழந்தையைப் பிடித்து நிறுத்த, ஏறக்குறைய 200 கிலோவைத் தாங்குகிற பலம் வேண்டும். இரண்டு குவிண்டால் மூட்டையைக் கண் இமைக்கும் நேரத்தில் கையில் ஏந்தக்கூடிய தாத்தா யாராவது இருந்தால் எனக்குக் கடிதம் எழுதட்டும். தவிர, அவரும் பெல்ட் போடாதவராக இருந்தால், அவருடைய எழுபது கிலோவும் பின்னாலிருந்து குழந்தையை முன்பலகையில் வைத்து நசுக்கும். அன்பு குறைந்ததால் நடக்கிற காரியம் இல்லை இது. அன்புக்கு அந்த வேகத்தில் கை இல்லை, அவ்வளவுதான்.

"மலையில் முப்பது கிலோமீட்டரில்தானே போகிறோம்?" என்று சிநேகிதரின் மகன் கேட்டார். மலையில் மோதுவதைவிட உருளுவதுதான் பெரிய ஆபத்து. உருளுகிற வண்டியிலிருந்து வெளியே தூக்கி எறியப்படுகிறவன் பிழைப்பது அரிது. பெல்ட் மனிதனை வண்டிக்குள்ளேயே பிடித்து வைக்கிறது. அதுதான் அதன் வேலை.

இதுவரை சொன்னது நம் வீட்டுக் கணக்கு. இனி அந்தக் குட்டி யானைக்கு வருகிறேன்.

2022-ஆம் வருஷம் ஏப்ரல் 2-ஆம் தேதி, தெலுங்கு வருஷப் பிறப்பன்று, இதே ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புலியூர் என்கிற ஊரிலிருந்து ஜனங்கள் சேம்பரை மலைக்கோயிலுக்குப் புறப்பட்டார்கள். ஒரு சிறு வேன். அதில் முப்பது பேருக்கு மேல். வேன் பள்ளத்தில் உருண்டது. 11 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் சிறுமிகளும் இருந்தார்கள். சர்க்கார் நிவாரணத் தொகை அறிவித்தது. பத்திரிகைகள் இரண்டு நாள் எழுதின. நாமும் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். நானும் அந்த அடுத்த பக்கத்தைப் புரட்டியவன்தான்.

அந்த வேனைப் பற்றிச் சட்டம் என்ன சொல்லுகிறது? அதே 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தில் 194-ஏ என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. அனுமதிக்கு மேல் பிரயாணிகளை ஏற்றினால், அதிகப்படியான ஒவ்வொரு தலைக்கும் இருநூறு ரூபாய் அபராதம். காரில் பெல்ட் இல்லாத குழந்தைக்கு ஆயிரம். வேனில் நெருக்கியடித்து நிற்கும் தலைக்கு இருநூறு. இந்த விகிதத்தைப் பற்றி நான் வியாக்கியானம் செய்யப் போவதில்லை. வாசகர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

ஆனால் அந்தப் பிரிவின் கடைசி வாக்கியத்தைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அதிகப்படியான பிரயாணிகளை இறக்கி, அவர்களுக்கு மாற்று வாகனம் ஏற்பாடு செய்கிற வரையில் அந்த வண்டியை நகர விடக்கூடாது என்கிறது அது. மாற்று வாகனம்! யாரோ ஒரு புண்ணியவான் டில்லியில் உட்கார்ந்து அந்த இரண்டு சொற்களை எழுதியிருக்கிறார். நடுக்காட்டில் இறக்கிவிட்டால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு விநாடி யோசித்திருக்கிறார். அவர் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம். ஆனால் புலியூரிலிருந்து சேம்பரைக்குப் போகிற பாதையில் அந்த மாற்று வாகனம் எங்கிருந்து வரும்? அபராதச் சீட்டு எழுதுகிற புத்தகம் சட்டைப் பையில் இருக்கிறது. மாற்று வாகனம் எந்தப் பையில் இருக்கிறது?

அன்று டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். கடையில் இருந்த அம்மாளிடம் சிநேகிதர் உபதேசத்தைத் தொடங்கினார். சரக்கு வண்டியில் போவது எவ்வளவு ஆபத்து தெரியுமா என்றார். அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "தெரியாம என்னா சார்? எங்க ஊருக்குப் பஸ்ஸு காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மழை பேஞ்சா அதுவும் இல்ல. சாமையும் புளியும் சந்தைக்குப் போவணும். வவுத்துப் புள்ளக்காரி ஆஸ்பத்திரிக்குப் போவணும். பஸ்ஸு வந்தா நாங்க ஏன் இதுல ஏறப் போறோம்? எங்களுக்கு மட்டும் உசுரு வேணாமா?"

சிநேகிதர் டீயைக் குடித்து முடித்தார். உபதேசமும் முடிந்தது.

மலைவாசிகளுக்கு அறிவு போதாது, அதனால் சரக்கு வண்டியில் ஏறுகிறார்கள் என்று பேசுகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்லுவேன். 2023 மே மாதத்தில், பக்கத்து வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று பாம்பு கடித்து இறந்தது. வண்டி போகச் சாலை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்துகொண்டு மலை ஏறினாள். இதைப் பார்த்த ஜனங்களுக்கு வண்டி என்பது சௌகரியம் இல்லை, உயிர். எந்த வண்டி வந்தாலும் ஏறுவார்கள். நானாக இருந்தாலும் ஏறுவேன். நீங்களும் ஏறுவீர்கள். கதை எழுதுகிற எனக்குத் தெரிந்த ஒரு சிறு உண்மை: பாத்திரத்துக்கு ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, 'ஏன் அந்தக் கதவு வழியாகப் போனாய்?' என்று ஆசிரியன் கேட்கக் கூடாது. சர்க்காரும் கேட்கக் கூடாது.

இங்கே சிலர் வேறு திசையிலிருந்து வருவார்கள். "மலையில் குழந்தைகள் சரக்கு வண்டியில் போகும்போது, நகரத்துக் குழந்தைக்குப் பஞ்சு வைத்த இருக்கை வேண்டும் என்று பேசுவது ஆடம்பரமில்லையா?" என்பார்கள். கேட்க நியாயம் போலத் தோன்றும். ஆனால் இது சோம்பேறித்தனத்துக்குத் தைத்துப் போட்ட தர்ம வேஷம். ஏழைக் குழந்தைக்கு இருக்கை இல்லை என்பதற்காகத் தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்ட தியாகி எவரையும் நான் கண்டதில்லை. இருக்கை கூடாது என்று வாதிக்கிற அதே மனிதர், மலைக்குப் பஸ் வேண்டும் என்று ஒரு தபால் கார்டு எழுதியதுமில்லை. இந்தியாவில் 2022-ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சர்க்காரின் அறிக்கை சொல்லுகிறது. இத்தனை பெரிய சாவுக் கணக்கில், இந்தக் குழந்தையைக் காப்பாற்றுவதா, அந்தக் குழந்தையைக் காப்பாற்றுவதா என்று சீட்டுப் போட்டுப் பார்க்க என்ன இருக்கிறது?

சட்டத்தினால் பயன் இல்லை என்கிற வேதாந்தத்தையும் நான் ஒப்பமாட்டேன். 2012 ஜூலை மாதம் தாம்பரத்தில் பள்ளிக்கூடப் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து இறந்தாள். ஊரே கொதித்தது. ஹைகோர்ட் தானாகவே அந்த விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் பிறந்தன. இன்று ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அதிகாரிகள் பள்ளிக்கூடப் பஸ்களை வரிசையாக நிறுத்தி, தரையைத் தட்டிப் பார்க்கிறார்கள், அவசர வழிக் கதவைத் திறந்து பார்க்கிறார்கள் என்றால், அதற்கு அந்தக் கொதிப்புத்தான் காரணம். தாம்பரத்தில் ஒரு குழந்தைக்காக எழுந்த குரல், புலியூரில் பதினொரு பேருக்காக ஏன் அவ்வளவு தூரம் எழவில்லை? பதில் நமக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பஸ்ஸில் நம் குழந்தைகள் போகிறார்கள். குட்டி யானையில் நம் குழந்தைகள் போகவில்லை.

ஆகையால் நான் கேட்பது இரண்டு. ஒன்று சர்க்காரிடம், ஒன்று வாசகர்களிடம்.

சர்க்கார் அவர்களே! குழந்தையைப் பத்திரமாக ஏற்றிச் செல்லும் கடமையைக் கார் உள்ளவன்மேல் சட்டம் சுமத்தியிருக்கிறது. ரொம்பச் சரி. கார் இல்லாதவனின் குழந்தைக்கு அந்தக் கடமை யாருடையது? பஸ் விடுகிறவர் யாரோ, அவருடையது. 194-ஏ பிரிவு சொல்லுகிற மாற்று வாகனத்தை விபத்து நடந்த பிறகும், அபராதம் எழுதிய பிறகும் தேடாமல், முன்கூட்டியே மலையில் கொண்டுவந்து நிறுத்துங்கள். பெரிய பஸ் வளையாத பாதையில் சிறிய பஸ் வளையும். மினி பஸ் என்று ஒன்றை 1997-லேயே இந்த மாநிலம் கண்டுபிடித்தாயிற்று. 2025-இல் அதற்குப் புதிய திட்டமும் போட்டார்கள். புதூர்நாட்டுக்கும் நெல்லிவாசலுக்கும் ஜமுனாமரத்தூர்க் குக்கிராமங்களுக்கும் அந்தச் சக்கரம் உருளட்டும். கோயில் திருவிழா என்றைக்கு, சந்தை என்றைக்கு என்பது பஞ்சாங்கத்திலும் இருக்கிறது, பஞ்சாயத்து ஆபீஸிலும் இருக்கிறது. அந்த நாட்களில் கூடுதல் வண்டி விடுவதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வளைவுகளில் தடுப்புச் சுவர் எழுப்புங்கள். அதன் பிறகும் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுகிறவனைப் பிடியுங்கள்; தலைக்கு இருநூறு போதாது என்று நானே உங்களுடன் சேர்ந்து சத்தம் போடுகிறேன். காவலூரில் 1986-ஆம் வருஷம் முதல் 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கி இருக்கிறது. எத்தனையோ கோடி மைலுக்கு அப்பாலுள்ள நட்சத்திரம் அதில் தெரிகிறது. அதே மலையில் நாற்பதடிக்கு முன்னால் போகிற வண்டியில் நின்ற அந்தச் சிறுமியைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம்.

வாசகர்களே! உங்களிடம் கேட்பது இதைவிடச் சுலபம். அடுத்த தரம் காரில் ஏறும்போது குழந்தையை முன் ஆசனத்திலிருந்து எழுப்பிப் பின்னால் கொண்டு போங்கள். வயதுக்கும் எடைக்கும் தக்க இருக்கை வாங்கி, அதை வண்டியோடு இறுக்கிக் கட்டி, அதில் உட்கார வையுங்கள். பின் ஆசனத்தில் நீங்களும் பெல்ட் போடுங்கள். ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கும் விதி உண்டு. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை உள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் வார்ப்பட்டையும் வேண்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று 2022-இல் விதி செய்து, 2023 பிப்ரவரி முதல் அமல் என்றார்கள். இதையெல்லாம் செய்துவிட்டு, மலைக்குப் பஸ் வேண்டும் என்று சட்டசபை அங்கத்தினருக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். தன் வீட்டில் விதியை மதிக்கிறவன் எழுதும் கடிதத்துக்குத் தனி எடை உண்டு.

சண்டை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டீக்கடையிலிருந்து புறப்படும்போது மருமகள் ஒன்றும் பேசாமல் முன்பக்கம் வந்து, "கொடுங்க மாமா" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். பின் ஆசனத்தில் உட்கார வைத்துப் பெல்ட்டை மாட்டப் பார்த்தாள். பெல்ட் குழந்தையின் கழுத்தில் ஏறிற்று. பெரியவர்களுக்குச் செய்த பெல்ட் மூன்று வயதுக்குப் பொருந்தாது. இடுப்புப் பட்டையை மட்டும் இழுத்துக் கட்டி, தானும் கட்டிக்கொண்டு, ஒரு கையால் அவனை அணைத்தபடி வந்தாள். சிநேகிதர் முதுகுக்குப் பின்னாலிருந்த பெல்ட்டை எடுத்து முன்னால் மாட்டிக்கொண்டார், என்னோடு பேசவில்லை. நானும் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு வளைவு தாண்டியதும் அந்தக் குட்டி யானை மறுபடியும் எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. அந்தச் சிறுமி அதே இடத்தில், பின்கதவுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் குழந்தை கையை ஆட்டினான். அவளும் பதிலுக்கு ஆட்டுவதற்காகப் பலகையிலிருந்து ஒரு கையை எடுத்தாள். காரில் இருந்த பெரியவர்கள் ஐந்து பேரும் ஒரே சமயத்தில், "வேண்டாம், பிடித்துக்கொள்!" என்று கத்தினோம்.

கண்ணாடி ஏற்றியிருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை.